அப்பத்தா பாட்டுக்கு பேக்கப் இல்லை

எட்டாவது படிக்கும்போது நான் ஒரு 'கண்டுபிடிப்பு' செய்தேன். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கன எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். 1-இன் கனம் 1, 2-இன் கனம் 8. கூட்டினால் 9, அதாவது 3-இன் வர்க்கம். அடுத்த கனம் 27-ஐச் சேர்த்தால் 36, அது 6-இன் வர்க்கம். 64-ஐச் சேர்த்தால் 100, அது 10-இன் வர்க்கம். 125-ஐச் சேர்த்தால் 225, அது 15-இன் வர்க்கம். இந்த 3, 6, 10, 15 எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் 1+2, 1+2+3, 1+2+3+4 என்று போகிறது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றைப் பிடித்துவிட்டோம் என்று ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

கணக்கு வாத்தியாரிடம் நோட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்லாத்தான்டா இருக்கு. பத்தாவதுல இது பாடமாவே வரும். ஆரியபட்டர் அந்தக் காலத்துலயே எழுதி வச்சிட்டாரு" என்றார். ஆரியபட்டரின் காலம் கி.பி. 499-ஐ ஒட்டியது. ஆக, நான் ஏறக்குறைய 1500 வருஷம் லேட். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அதே வீட்டில் அப்பத்தா இருந்தது. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ஒப்பாரிக்கு முதலில் ஆள் அனுப்புவது அப்பத்தாவுக்குத்தான். செத்தவர் யாராக இருந்தாலும், அவர் வெட்டின கிணறு, வாங்கின மாடு, கட்டிக்கொடுத்த பிள்ளை, அடைக்காமல் போன கடன் எல்லாம் அந்தப் பாட்டுக்குள் வந்துவிடும். எழுதிவைத்துப் பாடியதில்லை. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. பி.இ. முடித்து வேலைக்குப் போன பிறகு ஒருமுறை லீவில் வந்தபோது, செல்போனில் பதிவு பண்ணலாம் என்று பாடச் சொல்லிக் கேட்டேன். "பச்சப் புள்ளைக இருக்கிற வீட்டுல அதைப் பாடச் சொல்றியே, யாரைடா சாகச் சொல்ற?" என்று ஏசிவிட்டது. அதுவும் சரிதான், சும்மா இருக்கிற வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். 2011-ல் அப்பத்தா போய்விட்டது. ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

விஞ்ஞானக் கண்டுபிடிப்பும் இலக்கியப் படைப்பும் ஒன்றுதானா, வேறுவேறா என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் ஞாபகம் வரும். இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாமா?

இந்த விவாதத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் இது: நியூட்டன் பிறக்காவிட்டாலும் ஈர்ப்பு விதியை வேறு யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். ஷேக்ஸ்பியர் பிறக்காவிட்டால் 'கிங் லியர்' கிடையாது. கண்டுபிடிப்பு ஏற்கெனவே இருப்பதன் மேல் கிடக்கும் திரையை விலக்குகிறது. படைப்பு இல்லாததை உண்டாக்குகிறது.

முதல் பாதிக்குச் சாட்சிகள் நிறைய. நம்மூர்க்காரர் ஒருவரிடமிருந்தே தொடங்கலாம். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, மேல்படிப்புக்காக பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார் எஸ். சந்திரசேகர். வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்களை வெண்குறுமீன்கள் என்பார்கள். அந்த மாதிரி விண்மீன் எவ்வளவு எடை வரை தாங்கும் என்ற கணக்கைக் கப்பலிலேயே போட ஆரம்பித்தார். ஒரு எல்லைக்கு மேல் தாங்காது என்று விடை வந்தது. இன்றைய மதிப்பில் அந்த எல்லை சூரியனின் எடையைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்குப் பெயர் சந்திரசேகர் எல்லை.

ஆனால் அதே சமயத்தில் இன்னும் சிலர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எஸ்தோனியாவின் டார்ட்டு நகரில் வில்ஹெம் ஆண்டர்சன் 1929-லேயே இப்படி ஒரு எல்லை உண்டு என்று எழுதினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் எட்மண்ட் ஸ்டோனர் 1930-இல் அதைத் திருத்தமாகக் கணக்கிட்டார். சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் தன் வழியில் போட்ட கணக்கு 1932-இல் அச்சானது. நாலு பேர், நாலு ஊர். ஒவ்வொருவர் கணக்கிலும் எளிமைப்படுத்தல்கள் வேறு, அதனால் எண்ணும் கொஞ்சம் முன்னே பின்னே. இருந்தாலும் எல்லாரும் போய் முட்டிய சுவர் ஒன்றுதான்.

இரண்டாவது சாட்சிக்கு எங்கள் ஊர் மலை வழியாகவே போகலாம். தேனியிலிருந்து தேவாரம் பக்கம் போனால் பொட்டிப்புரம் வரும். அங்கே இருக்கும் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். நியூட்ரினோ என்பது எதிலும் பெரும்பாலும் மோதாமல் பூமியையே ஊடுருவிப் போகிற துகள். அது எப்போதாவது ஒருமுறை மோதுவதைப் பார்க்க வேண்டுமென்றால், வானத்திலிருந்து கொட்டுகிற மற்ற துகள்களையெல்லாம் தடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை தேவைப்படுகிறது.

இந்தியாவில் இந்த வேலைக்கு முன்கதை ஒன்று உண்டு. காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை முதன்முதலில் பிடித்த இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல், 1965-இல். பூமிக்கடியில் 2 கிலோமீட்டருக்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனத்தார் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் குழுக்களோடு சேர்ந்து கருவி வைத்திருந்தார்கள். ஆனால் அதே 1965-இல் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்தில், 3 கிலோமீட்டருக்கும் கீழே, ஃப்ரெட்ரிக் ரைன்ஸ் குழுவும் காத்துக்கொண்டிருந்தது. முதல் நியூட்ரினோ அவர்கள் கருவியில் பிப்ரவரியிலேயே பதிவானது. கோலாரில் ஏப்ரலில் பதிவானது. கட்டுரையாக முதலில் அச்சில் வந்தது கோலார் குழுவுடையது, ஆகஸ்ட் 15 தேதியிட்ட இதழில். ரைன்ஸ் குழுவுடையது ஆகஸ்ட் 30. வித்தியாசம் வெறும் இரண்டு வாரம்! ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. இரண்டு பேருக்கும் விடையைச் சொன்னது ஒரே இயற்கை.

பொட்டிப்புரத்தில் 50,000 டன் காந்த இரும்பை வைத்துத் தேட நினைத்த முக்கியமான கேள்வி, மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறை எந்த வரிசையில் இருக்கிறது என்பது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலை, காடு, தண்ணீர் பற்றிய பயத்தில் எதிர்ப்பு வந்தது, வழக்குகள் வந்தன, வேலை நின்றது. இதற்கிடையில் சீனாவில் ஜூனோ என்ற ஆய்வகம், வேறு முறையில் அதே கேள்விக்கு விடை தேடி, 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்க ஆரம்பித்துவிட்டது. நாம் தேடாவிட்டாலும் விடை வந்துவிடும். தேனி என்ற பெயர் அதில் இருக்காது, அவ்வளவுதான்.

மலையில் இன்னொரு கதை

அதே மலைத்தொடரில் இன்னும் தெற்கே போனால், கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்ரா பௌர்ணமி அன்றைக்கு மட்டும் ஜனங்கள் மேலே போவார்கள். மதுரையை எரித்துவிட்டு வைகைக் கரையோடு மேற்கே நடந்த கண்ணகி, மலையேறி வேங்கை மரத்தடியில் நின்றாள் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த இடம் இதுதான் என்று கருதப்படுகிறது.

இங்கே அந்த வழக்கமான வாதத்தை வைத்துப் பார்ப்போம். இளங்கோவடிகள் இல்லாவிட்டால் சிலப்பதிகாரம் இல்லையா?

அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்ல முடியாது. கதை இளங்கோவுக்கு முன்பே இருந்தது. நற்றிணைப் பாடல் ஒன்றில் ஒரு மார்பை அறுத்துக்கொண்ட திருமாவுண்ணி என்ற பெண் வருகிறாள். சிலப்பதிகாரத்தின் பதிகமே, மலைக்குறவர்கள் தாங்கள் கண்டதை வந்து சொன்னதாகவும், சாத்தனார் முழுக் கதையைச் சொன்னதாகவும்தான் சொல்கிறது. ஆக இளங்கோவும் ஒருவகையில் 'கண்டுபிடித்தவர்'தான். ஊரில் கிடந்த கதையை எடுத்தார். வேறு ஒருவர் எடுத்திருந்தாலும் கண்ணகி, கோவலன், சிலம்பு, மதுரை எல்லாம் வந்திருக்கும். வராமல் போயிருப்பது சிலப்பதிகாரம்.

சரி, அந்தப் பக்கம் அப்படியென்றால் விஞ்ஞானத்தின் பக்கமும் முழுக்கத் திரை விலக்குவது மட்டும்தானா? இதற்கும் சந்திரசேகரிடமே ஒரு சாட்சி உண்டு. அவர் இந்த விஷயத்தையே யோசித்தவர். 1975-இல் சிகாகோவில் ஷேக்ஸ்பியர், நியூட்டன், பீத்தோவன் மூவரையும் வைத்து ஒரு பேருரை ஆற்றினார். கலைஞர்கள் கடைசி வரை வளர்ந்துகொண்டே போகும்போது, விஞ்ஞானிகள் மட்டும் ஏன் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. அவர் நிற்கவில்லை. வாழ்க்கையின் கடைசி வருஷங்களில் நியூட்டனின் 'பிரின்சிபியா'வை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு தேற்றத்திலும் நியூட்டன் சொல்ல வருவது என்ன என்பதை மட்டும் படிப்பார். புத்தகத்தை மூடிவிட்டு, நிரூபணத்தைத் தானே போடுவார். அப்புறம் நியூட்டன் போட்டதைத் திறந்து ஒப்பிடுவார். பல இடங்களில் நியூட்டனின் வழிதான் அழகு என்று வியந்திருக்கிறார். அந்தப் புத்தகம் 1995-இல் வந்தது. அதே வருஷம் அவர் காலமானார்.

எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கலாம். ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு புரோகிராமும் எல்லா டெஸ்டிலும் பாஸாகும். ஆனால் கோடைத் திறந்து பார்த்தால் பெயர் போடாவிட்டாலும் யார் எழுதியது என்று தெரிந்துவிடும். போகும் வழியில் ஆளின் கைரேகை இருக்கிறது, போய்ச்சேர்ந்த விடையில் இல்லை.

ஆகவே 'கண்டுபிடிப்பு ஒரு பக்கம், படைப்பு ஒரு பக்கம்' என்று கோடு கிழிக்க முடியவில்லை. இளங்கோவிடம் கண்டெடுத்ததும் உண்டு, கட்டியதும் உண்டு. நியூட்டனிடமும் அப்படியே. அப்படியானால் வித்தியாசம் எங்கே?

தொலைந்தால் என்ன ஆகும்?

இத்தனை நாள் யோசித்ததில் எனக்குப் பட்டது இது. எப்படிப் பிறந்தது என்று கேட்காமல், தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

நாளைக்கே 'பிரின்சிபியா'வின் எல்லாப் பிரதிகளும் எரிந்துபோனால், பாலம் கட்டுகிற இன்ஜினியருக்கு ஒன்றும் ஆகாது. நானும் இயக்கவிதிகளைப் படித்துத்தான் பி.இ. பாஸ் பண்ணினேன், 'பிரின்சிபியா'வைத் தொட்டதுகூட இல்லை. விதிகள் வேறு ஆயிரம் புத்தகங்களில் வேறு வார்த்தைகளில் இருக்கின்றன. அந்த ஆயிரமும் போனால்கூட, கல் கீழே விழுந்துகொண்டுதான் இருக்கும். யாராவது ஒருவர் மறுபடியும் அளக்க ஆரம்பிக்கலாம்.

சிலப்பதிகாரம் தொலைந்தால்? கதையைச் சொல்லலாம், பொழிப்புரை சொல்லலாம். பாட்டு வராது.

இது கற்பனைக் கேள்வியும் இல்லை. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஓலை தேடி, பிரதிகளை ஒப்பிட்டு, 1892-இல் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். அப்போதே அடியார்க்குநல்லார் உரை முழுசாகக் கிடைக்கவில்லை. கானல்வரிக்கு அவர் உரை இல்லை. சிலம்போடு சேர்த்து ஐம்பெருங்காப்பியம் என்று எண்ணப்படும் வளையாபதியில் நமக்கு மிஞ்சியது எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள். குண்டலகேசியில் இருபதுகூடத் தேறாது. அதுவும் மற்றவர்கள் மேற்கோளாக எடுத்தாண்டதால் பிழைத்தவை. எத்தனை பெரிய மேதை இன்றைக்குப் பிறந்தாலும் காணாமல்போன வளையாபதியை 'மறுபடியும் கண்டுபிடிக்க' முடியாது. ஓலை எங்காவது கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் காட்டுகிற உதாரணம் ஒன்று இருக்கிறது. அந்த 1892-லேயே, இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் காரைதீவில் பிறந்தவர் விபுலானந்த அடிகள். அறிவியலும் தமிழும் படித்தவர். பழந்தமிழ் யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. வாசிக்க ஆள் இல்லை. அடியார்க்குநல்லார் பெயர் சொல்லும் பழைய இசை, நாடக நூல்களில் பெரும்பாலானவை பெயரளவில்தான் மிச்சம். விபுலானந்தர் பல வருஷம் உழைத்து, சிலப்பதிகார அரங்கேற்று காதையில் கிடக்கும் குறிப்புகளைக்கொண்டு யாழ் வகைகளையும் நரம்புகளின் சுருதி அளவுகளையும் கணக்கிட்டு 'யாழ் நூல்' எழுதினார். 1947-இல் அரங்கேறியது.

அவரால் அது எப்படி முடிந்தது? பழைய இசையில் குரல் என்ற நரம்புக்கு இளி ஐந்தாவது நரம்பு. இன்றைக்கு ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி அது. ஒரு நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டு பங்காக்கினால் அந்த இடைவெளி கிடைக்கும். இளங்கோ காலத்திலும் அப்படித்தான், 1947-லும் அப்படித்தான், நாளைக்கும் அப்படித்தான். நூல்கள் அழிந்தாலும் நரம்பு தன் கணக்கை மறக்கவில்லை. அதனால் நல்ல குறிப்பு ஒன்று கையில் இருந்தால் அளவுகளைத் திரும்ப எட்டிவிடலாம். ஆனால் அந்த யாழில் ஒரு பாணன் ஒரு ராத்திரி வாசித்தது என்ன? அதை எந்தக் கணக்கும் தராது.

எங்கள் பாஷையில் சொல்வதானால், விஞ்ஞானத்துக்கு இயற்கையே பேக்கப். பாட்டுக்கு மனுஷனை விட்டால் வேறு பேக்கப் கிடையாது. ஓலை, அச்சு, நினைவு, குரல், எல்லாம் மனுஷன் வைத்திருப்பதுதான்.

ஒரு மறுப்பு

இதை அதிகமாக இழுக்கவும் கூடாது. பேக்கப் இருக்கிறது என்பதால் உடனே ரீஸ்டோர் ஆகிவிடும் என்று அர்த்தமில்லை. 1935-இல் லண்டன் கூட்டத்தில் அன்றைய பெரும் வானியலாளர் எடிங்டன், சந்திரசேகரின் எல்லையை எல்லார் முன்னாலும் மறுத்துப் பேசினார். எண் மாறவில்லைதான். ஆனால் அந்த எல்லையைத் தாண்டிய விண்மீன் என்ன ஆகும் என்ற கேள்வியை உலகம் முழு மனதோடு எடுத்துக்கொள்ள வருஷக்கணக்கில் ஆனது. சந்திரசேகருக்கு நோபல் வந்தது 1983-இல். விஞ்ஞானி இல்லாவிட்டாலும் விடை வரும், ஆனால் எத்தனை தலைமுறை கழித்து என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மருந்து மாதிரி விஷயத்தில் அந்தத் தாமதமே உயிர்.

பொட்டிப்புரம் விவகாரத்தையும் இப்போது நான் கொஞ்சம் வேறுமாதிரி பார்க்கிறேன். விடைக்கு வேறு வாசல் உண்டு, இந்த மலைக்கும் ஊற்றுக்கும் வேறு பிரதி இல்லை என்று பயந்தவர்களின் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. கோலாரில் முதலில் அச்சேறிய நாடு இந்தக் கேள்வியில் வேடிக்கை பார்க்கிறதே என்ற ஆராய்ச்சியாளர்களின் வருத்தமும் பொய்யில்லை.

மோட்டார் ரூமில்

திண்ணையில் போட்ட கணக்குக்கு வருவோம். அன்றைக்கு 1500 வருஷம் லேட் என்று அழுதவன், இன்றைக்கு அதையே சந்தோஷமாக நினைக்கிறேன். ஆரியபட்டர் பார்த்த அதே இடத்தை, அவரைத் தெரியாமலே ஒரு எட்டாவது பையனும் பார்க்க முடிந்தது. ராமானுஜனுக்கே பள்ளி வயதில் இப்படி ஒன்று நடந்ததாகச் சொல்வார்கள். தான் கண்ட முடிவுகள் ஆய்லர் ஏற்கெனவே கண்டவை என்று தெரிந்ததும், தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்துவிட்டாராம். என் நோட்டும் எங்கேயோ தொலைந்துபோய்விட்டது. பரவாயில்லை. இப்பவும் ஒரு பேனா எடுத்தால் இரண்டு நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும்.

அப்பத்தா பாட்டு அப்படி வராது என்று தெரிந்தும், போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பெரியத்தையிடம் கேட்டேன். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து மாரடித்துப் பாடின ஆள். எழுபதைத் தாண்டிவிட்டது. "வீட்டுல வேணாம்ப்பா. தோட்டத்து மோட்டார் ரூமுக்கு வா, அங்க வச்சுப் பாடுறேன்" என்றது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, போனை வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பெரியத்தை கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தது. அப்புறம் சொன்னது: "அவுக பாட்டக் கேக்குற. அந்த இழுப்பு எனக்கு வரும்ப்பா. ஆனா வாயத் தொறந்தா என் பாட்டுத்தான் வரும். பரவாயில்லையா?"

பரவாயில்லை அத்தை என்றேன். நாற்பது நிமிஷம் ஓடியது. கோப்பை மூன்று இடத்தில் காப்பி எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், அப்புறம் கேட்கலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.